கழுவாத விரல்

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் கிருபா பின்பக்கக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஈரம் போகத் துடைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை அவள் நீளவாக்கில் பிளேடால் கீறி இரண்டாக்கி வைத்திருப்பாள். அப்படிக் கீறினால்தான் ஒரு டப்பா மாதக்கடைசி வரை தாங்கும். விரலைக் குத்தி, சொட்டு ரத்தத்தை அந்த ஒல்லித் துண்டின் நுனியில் வைத்து, பஞ்சால் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். நிறம் மெல்லத் திரும்பும். டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் வண்ணக் கட்டங்களோடு அதை வைத்துப் பார்க்க வேண்டும். வெளிர்பச்சையில் நின்றுவிட்டால் நிம்மதி. அன்றைக்கும் அது நிற்கவில்லை. கரும்பச்சை வரை போய்விட்டது.

"இன்னைக்கு என்ன கலர்?"

ஜன்னலுக்கு வெளியே ஞானம்மாள் நின்றிருந்தாள். கிருபாவின் கணவன் அசரியாவுக்கு மூத்த அக்கா. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்த வளாகத்தில் முன்வீடு அவளுடையது, பின்வீடு தம்பியுடையது. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். பள்ளிக்கூடத்திலும் சபையிலும் எல்லோருக்கும் அவள் ஞானம்மாள் டீச்சர்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு அண்ணி."

"மத்தியானம் என்ன சாப்பிட்டே?"

"நீங்க பாத்தீங்களே. ஒரு கப் சாதம், கீரை, முட்டை."

"நான் பாத்தது அது. பாக்காதது எது?"

கிருபா பஞ்சைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். பதில் சொன்ன நாட்களும் உண்டு. மாதவிலக்குக்கு முந்தின வாரம் ஏறும், சளி பிடித்தால் ஏறும், ஊசி போட்ட இடம் தடித்திருந்தால் ஏறும், சில நாள் ஒரு காரணமும் இல்லாமல் ஏறும் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஞானம்மாளுக்கும் சர்க்கரை உண்டு. அது ஐம்பது வயதில் வந்து மாத்திரைக்கு அடங்கின சர்க்கரை. கிருபாவுடையது பதினோரு வயதில் வந்தது. உடம்பு இன்சுலின் சுரப்பதை ஒரேயடியாக நிறுத்திவிட்ட வகை. மாடம்பாக்கத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது ஸ்ட்ரிப் கிடையாது. சிறுநீரை நீலக் கரைசலில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்து, அது செங்கல் நிறமாகும்போது அம்மா முகம் திருப்பிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள். இரண்டும் ஒரே பெயருள்ள இரண்டு நோய் என்று கிருபாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஞானம்மாளுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்துகொள்வதில் அவளுக்கு லாபம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் கிருபாவின் மனதில் கிடந்தது இந்த ஜன்னல் விசாரணை இல்லை. அது ஒரு வார்த்தை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஆறாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். கிருபா பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், மனசு தாங்காது என்று ஞானம்மாள்தான் தடுத்தாள். தானே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு நன்றியாகக்கூட இருந்தது அப்போது. அடுத்த மாதம் சபை மாதர் ஐக்கியக் கூட்டத்தில், சாட்சி சொல்லும் நேரத்தில் ஞானம்மாள் எழுந்தாள். தன் சர்க்கரையைக் கர்த்தர் எப்படிக் கட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று சொன்னாள். சாப்பிட்ட பிறகு எடுத்ததில் நூற்று இருபத்தெட்டு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாம் வாயைக் கட்டுறதுலதான் இருக்கு. வாயைக் கட்டத் தெரியாதவ வயித்துல பிள்ளை எப்படித் தங்கும்? என் தம்பி குடும்பத்துக்காக எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்குங்க."

மூன்றாவது வரிசையில் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தபடி கிருபா உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி, "ஆமென்" என்றாள்.

டாக்டரம்மாவிடம் அவள் கேட்டாள், நான்தான் கொன்றேனா என்று. டாக்டரம்மா பொய் சொல்கிறவர் இல்லை. "சர்க்கரை ஒரு காரணமா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கே தெரியாததை உங்க அண்ணி எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க?" என்றார். தினமும் பார்க்கிற நம்பரைப் பற்றியும் பேசினார். "அது பரீட்சை மார்க் இல்லம்மா. வெளிய போறதுக்கு முன்னாடி மழையா வெயிலான்னு ஜன்னலைத் திறந்து பாக்கறோமில்ல, அதுதான். மழைன்னா குடை எடுத்துக்க. ஊசியில ஒரு யூனிட் கூட்டு, இல்ல நாளைக்குச் சாதத்துல ஒரு கை குறை. மழை பெய்யுதேன்னு யாராவது வெக்கப்படுவாங்களா?"

"என் ஜன்னல்ல எப்பவும் இன்னொருத்தங்க நிக்கிறாங்க டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். கிருபா சிரிக்கவில்லை. 'இருந்திருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. முழுப்பொய்யாக இருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பாள். ஞானம்மாள் சொன்னதில் அரைக்கால்வாசி உண்மை இருக்கக்கூடும் என்பதால்தான் அது உள்ளே தங்கிச் சீழ் பிடித்தது.

அசரியா தாம்பரம் ரயில்வேயில் கிளார்க். நல்லவன், அக்கா விஷயத்தில் மட்டும் காது உண்டு, வாய் கிடையாது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவன் படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டான். சண்டை எதுவும் இல்லை. உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்றான். ஒரு வருஷம் கழித்து டாக்டரம்மா, இனி முயற்சி செய்யலாம், நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது, "அக்கா மனசு ஒப்பணும் கிருபா. ஊரே பேசினப்புறம்..." என்று முடிக்காமல் விட்டான்.

அந்த வார்த்தை எந்த வாயிலிருந்து, எந்தக் கூட்டத்தில் வந்ததோ, அதே வாய் அதே கூட்டத்தில் அதைத் திரும்ப விழுங்க வேண்டும். அது நடக்காமல் அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளைக்கு இடம் இல்லை. கிருபா இதைக் கோபமாக நினைக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல நிதானமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை லேபுக்கு ஞானம்மாளுக்குத் துணையாகப் போனபோது அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டபின் மறுபடி கொடுக்க வேண்டும். ஹோட்டலில் ஞானம்மாள் இரண்டே இட்லி சொன்னாள். சட்னியைத் தொடவில்லை, காப்பி வேண்டாம் என்றாள். பிறகு, "வா, கொஞ்சம் காலாற நடப்போம்" என்று ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி நடந்தாள். வீட்டில் நாலு தோசை, கெட்டிச் சட்னி, சர்க்கரை போட்ட காப்பி. லேப் நாளில் மட்டும் இரண்டு இட்லி, நடை. வந்த நூற்று முப்பதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் மூன்று வீட்டில் காட்டினாள். ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் டெஸ்ட் கொடுக்கிறார்கள், டாக்டர் திட்டக்கூடாதென்று. ஆனால் அவர்கள் அதை வைத்து இன்னொருத்தியை மேடையில் நிறுத்துவதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சபையின் அறுப்பின் பண்டிகைக் கமிட்டியில் கிருபாவையும் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஆராதனைக்கு முன்னால் காலையில் இலவச மருத்துவ முகாம் உண்டு. சபையார் 'ஐயர்' என்று அழைக்கும் போதகர் வேதசிரோமணி, இந்தமுறை சபையைச் சேர்ந்த நர்ஸ் பியூலா, சர்க்கரையை நம்பரில் காட்டும் புது மிஷினை ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் கொண்டுவருகிறாள் என்றார்.

கிருபா கையைத் தூக்கினாள். "காலையில வெறும் வயித்துல பாத்தா நிறையப் பேருக்கு நல்லாத்தான் காட்டும் ஐயரே. விருந்து சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா உள்ளது தெரியும். நடுவுல காணிக்கைப் பொருள் ஏலம் இருக்கே, யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க."

ஐயருக்குப் பிடித்துவிட்டது. "நல்ல யோசனை. டீச்சர் என்ன சொல்றீங்க?"

ஞானம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சின்னவ சொல்றதும் சரிதான்" என்றாள். முகாமைத் தொடங்கிவைப்பது வழக்கம்போல அவள்தான். முதல் விரல் அவளுடையது.

பண்டிகையன்று காய், பழம், கரும்பு, கோழி, கேக் என்று சபையார் கொண்டுவந்த காணிக்கை எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருந்தது. ஆராதனை முடிந்து பந்தலில் விருந்து. சமையல்காரர் குப்புராஜ் வேர்க்க விறுவிறுக்க அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர்மா, பிரியாணி இத்தனூண்டு வாங்கிகினு போறீங்க? கோழி கொத்துற மாரி கீது. கோவளத்துலேர்ந்து வந்த அக்காமாருங்கல்லாம் ரெண்டாம் ரவுண்டு வந்துட்டாங்கோ."

"போதும் குப்புராஜ். எனக்குக் கட்டுப்பாடு உண்டு."

"அண்ணிக்கு இன்னும் ஒரு கரண்டி வைங்க" என்றாள் கிருபா பக்கத்தில் நின்று. "பண்டிகை அன்னைக்குக்கூட வயித்தைக் காயப் போடணுமா அண்ணி?"

ஞானம்மாள் தட்டை நகர்த்தவில்லை. கரண்டி விழுந்தது. கூடவே ஒரு எலும்புத் துண்டு. கிருபா தன் தட்டில் அளவாக வைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து, நாத்தனார் சாப்பிடுவதைப் பார்த்தபடி சாப்பிட்டாள். இரண்டு வருஷமாகத் தன் தட்டை ஒருத்தி பார்ப்பது எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். பார்ப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஏலம். சபைச் செயலாளர் ஏசுபாதம் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஒரு பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, "நம்ம யேசுதாசன் அண்ணன் தோட்டத்துப் பூசணி. அண்ணனை மாதிரியே உருண்டையா இருக்கு பாருங்க. ஒரு தரம்" என்று இழுத்தார். சிரிப்பு அலையாகப் போனது. அந்த நேரத்தில் ஞானம்மாள் மீந்த பிரெட் அல்வாவைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொண்டிருந்தாள். நெய்யும் பாகும் வழியும் தட்டு இடதுகையில், கரண்டி வலதுகையில். இரண்டு பிள்ளைகளுக்கு ஒருமுறை விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஏலம் முடிந்து மேஜை போட்டார்கள். பியூலா மிஷினை எடுத்து வைத்துவிட்டுக் கிருபாவிடம் சொன்னாள்.

"அக்கா, ஒரே ஒரு வேலைதான் உங்களுக்கு. வர்ற ஒவ்வொருத்தரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வெச்சு அனுப்புங்க. இன்னைக்கு எல்லார் கையிலயும் அல்வா. விரல்ல இனிப்பு ஒட்டியிருந்தா மிஷின் ரத்தத்தோட அதையும் சேத்து எண்ணிரும். நான் ஸ்பிரிட்ல துடைக்கிறது மட்டும் பத்தாது."

"தெரியும் பியூலா."

அவளுக்குத் தெரியாதா? வாழைப்பழம் உரித்த கையோடு ஒருநாள் பார்த்து, கரும்பச்சையைக் கண்டு பதறி, கழுவிவிட்டு மறுபடி பார்த்தவள்.

"முதல்ல நம்ம டீச்சர்" என்றார் ஏசுபாதம்.

ஞானம்மாள் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கிருபா குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், ஒரு கையில் சோப்பு, தோளில் துண்டு. நாத்தனார் அவளைக் கடந்தபோது பாகின் வாசனை வந்தது. ஒரு வாக்கியம் போதும். கை கழுவிட்டு வாங்க அண்ணி. அது தொண்டை வரை வந்தது. கிருபா வாயைக் கட்டினாள்.

"மைக்லயே சொல்லிடுங்க தம்பி" என்றாள் ஞானம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "நாலு பேருக்குச் சாட்சியா இருக்கும்." இடதுகையை நீட்டினாள்.

பியூலா துடைத்தாள், குத்தினாள், சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தாள். மிஷின் காத்திருந்து ஒலி எழுப்பியது. பியூலா குனிந்து பார்த்தாள். ஏசுபாதம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பூசணிக்காய் வேகத்திலேயே படித்துவிட்டார்.

"நம்ம டீச்சர், நானூத்தி நாப்பத்தி ஆறு."

கை தட்டத் தொடங்கிய சிலர் பாதியில் நிறுத்தினார்கள். நானூறு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பந்தலின் கடைசி வரிசை வரை அது போய்ச் சேர்வதைக் கிருபா பார்த்தாள்.

பியூலா நிமிர்ந்து அவளைத் தேடினாள். "அக்கா, டீச்சர் கை கழுவினாங்களா?"

சொல்லாமல் விடுவது ஒன்று, பொய் சொல்வது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க அவளுக்கு இன்னும் இடம் இருந்தது.

"கழுவினாங்களே" என்றாள் கிருபா.

ஞானம்மாள் மறுத்திருக்கலாம். அவளுக்குத் தெரியும், கழுவவில்லை என்று. ஆனால் அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தன் விரல்நுனியில் காயாத சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைக் கிருபா அறிவாள், உள்ளிருந்து அறிவாள். பிரியாணியும் அல்வாவும் நாலு தோசையும் ஒவ்வொன்றாக வந்து நிற்கிற முகம். நம்பர் எதுவானாலும் அது சரிதான், நான் செய்ததற்கு இது குறைவு என்று நம்பிவிடுகிற முகம். பதினோரு வயதிலிருந்து கிருபா சுமந்த முகத்தை இப்போது இன்னொருத்தி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்கதானே எல்லாருக்கும் புத்தி சொல்வாங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கிருபா அடுத்தவரின் கையில் சோப்பைக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஞானம்மாள் பின்பக்க ஜன்னலுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரிக்கு ஒன்றுமில்லை. லேபுக்குப் போக மாட்டேன் என்றாள். போனால் அந்த நம்பரைப் பார்த்து டாக்டர் ஊசிதான் எழுதுவார் என்று பயம். அசரியா தவித்தான்.

"அக்கா நேத்து தலை சுத்தி உக்காந்துட்டாங்க. நீயாவது போய்ப் பேசு கிருபா."

"கூப்பிடட்டும்" என்றாள் கிருபா.

கூப்பிடவில்லை, வந்துவிட்டாள். ஒரு மத்தியானம், அசரியா வேலைக்குப் போயிருந்தபோது, பின்வாசலில் நின்றாள். புடவை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"உன்கிட்ட இருக்கற அந்த அரை ஸ்ட்ரிப்ல எனக்கு ஒண்ணு பாப்பியா? யாருக்கும் தெரிய வேணாம்."

"எப்ப சாப்பிட்டீங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும். இன்னைக்கு மட்டும் சோறு சாப்பிட்டேன். பசி தாங்கல."

கிருபா ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க அண்ணி" என்றாள்.

ஞானம்மாள் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவள் உடனே வரவில்லை. வந்து உட்கார்ந்தபோது ஒன்றும் சொல்லாமல் விரலை நீட்டினாள். நிறம் திரும்பும்வரை இருவரும் அந்த ஒல்லித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை. கட்டத்தில் வைத்துப் பார்த்தால் இருநூற்று நாற்பதுக்குப் பக்கம். நல்லதில்லை. நானூறும் இல்லை. கிருபா வாரத்தில் பாதிநாள் பார்க்கிற நிறம்.

"ரெண்டு நாப்பது" என்றாள் கிருபா. "டாக்டரம்மாகிட்ட போனா மாத்திரையைக் கூட்டிக் குடுப்பாங்க. பட்டினி கிடக்க வேணாம்."

"அன்னைக்கு நீ கை கழுவச் சொல்லல."

"சொல்லல."

"அல்வாத் தட்டு இந்தக் கையிலதான் இருந்தது. பியூலா கேட்டப்போ கழுவினாங்கன்னு சொன்னே."

"சொன்னேன்."

ஞானம்மாள் அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று கிருபா எதிர்பார்த்தாள், அதற்குத் தயாராகவும் இருந்தாள். ஆனால் டீச்சர் கேட்டது வேறு.

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

ஞானம்மாள் மெல்ல, எழுத்துப் பிசகாமல், "வாயைக் கட்டத் தெரியாதவ வயித்துல பிள்ளை எப்படித் தங்கும்" என்றாள்.

மறக்கவில்லை. ஒரு சொல்கூட மறக்கவில்லை. மறந்திருந்தால் மன்னித்துக்கூட இருப்பேனோ என்னவோ என்று கிருபாவுக்குத் தோன்றியது. இரண்டு வருஷமாக இவளும் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"அதை அதே கூட்டத்துல எந்திரிச்சு நின்னு திருப்பி எடுத்துக்குங்க அண்ணி. பிள்ளை போனது என்னால இல்லைன்னு சொல்லுங்க. நீங்க உக்காந்ததும் நான் எந்திரிச்சு, டீச்சர் கை கழுவல, நான்தான் பொய் சொன்னேன், அந்த நம்பர் தப்புன்னு சொல்றேன்."

"முதல்ல நீ சொல்லு."

"நீங்கதான் முதல்ல சொன்னீங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே."

ஞானம்மாளுக்குச் சிரிப்பு வரப்போவதுபோல உதடு இழுத்தது. வரவில்லை. "சரி" என்று எழுந்து போனாள்.

மாதர் ஐக்கியக் கூட்டம் சபை ஹாலில். பாட்டு, வேதவாசிப்பு முடிந்து சாட்சி நேரம் வந்ததும் ஞானம்மாள் எழுந்தாள். நாற்பது பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நானூற்று நாற்பத்தாறுக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கிற ஆவல்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே இடத்துல என் தம்பி சம்சாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன்" என்றாள். "அவ பிள்ளை அவ வாயால போகல. அவ என்ன சாப்பிட்டாங்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அந்தப் பிள்ளையை நான் கையில வாங்கினேன். அவளைப் பாக்க விடல. அதுவும் தப்பு. நான் லேபுக்குப் போற அன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போவேன். அந்த நம்பரைத்தான் உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்."

உட்கார்ந்தாள். கடைசி இரண்டு வாக்கியமும், பிள்ளையைப் பார்க்கவிடாததும் பேரத்தில் இல்லாதவை.

யாரும், "ஆமென்" சொல்லவில்லை. போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்டார்.

கிருபா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சொல்ல வேண்டியது மனப்பாடமாக இருந்தது. எழுந்து நின்றால் ஒரு நிமிஷ வேலை. முன்வரிசையில் ஞானம்மாளின் முதுகு, காத்திருக்கிற முதுகு. பக்கத்தில் இருந்த பெண் அதைக் காட்டி இன்னொருத்தியிடம், "அப்ப நானூறு வராம என்ன பண்ணும்?" என்று கிசுகிசுத்தாள். அந்தக் கிசுகிசுப்பு கிருபாவின் உடம்பெல்லாம் இதமாகப் பரவியது. அவளுக்கே அது பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தாள். துணியில் சுற்றி எடுத்துப் போன அந்த முகம் தனக்கு இல்லையென்று ஆன கணத்தை நினைத்தாள்.

"யாரும் இல்லையா? அப்ப முடிவு ஜெபம் பண்ணிக்கலாம்."

கிருபா கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து இருவரும் கேம்ப் ரோட்டில் நடந்தார்கள். பஸ்ஸும் ஸ்கூட்டருமாக இரைச்சல். ஞானம்மாள் ஓரடி முன்னால் போனாள், எப்போதும் போல. மருந்துக் கடைக்கு எதிரே வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

"காலையிலயே தம்பிகிட்ட சொல்லிட்டேன்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "டாக்டரம்மாவை ரெண்டு பேரும் போய்ப் பாருங்கன்னு. என் மனசு ஒப்பலைன்னு இனிமே சொல்லாதேன்னு."

கிருபாவுக்கு நெஞ்சில் ஏதோ அசைந்தது. அது இளகுமா என்று அவள் காத்துப் பார்த்தாள். கொஞ்சம் இளகியது. அதற்கு மேல் போகவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, கேட்காததும் கிடைத்துவிட்டது. ஆனாலும் கொடுக்க மனம் வராத ஒன்று கையில் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் இப்படி ஒன்று இருந்ததே இல்லை.

"நீ சொல்லல" என்றாள் ஞானம்மாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, களைப்புதான் இருந்தது.

"இல்ல அண்ணி."

"அடுத்த கூட்டத்துல சொல்வியா?"

ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்தது. ஞானம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மருமகள் வயதுள்ளவளின் பதிலுக்காக ரோட்டோரம் நின்றாள்.

"பாக்கலாம்" என்றாள் கிருபா. பிறகு, நாத்தனாரை முந்திக்கொண்டு நடந்தாள்.